மாருதி 800-க்கு உக்கடத்து பூஸ்டர்: ஒரு பிரேக் வேலையின் முழு விவரம்

பொள்ளாச்சியில், எனக்கு ஒன்பதாம் வகுப்பில் அறிவியல் நடத்திய வாத்தியாரிடம் 1996 மாடல் மாருதி 800 ஒன்று இருக்கிறது. கார்புரேட்டர் எஞ்சின், நான்கு கியர், 12 அங்குலச் சக்கரம், முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டர் பிரேக்குக்குக் கிடையாது. மகள் வால்பாறையில் வேலை பார்ப்பதால் அவரும் டீச்சரம்மாவும் ஆழியாறு வழியாக 40 கொண்டை ஊசி வளைவுகளை அடிக்கடி ஏறி இறங்குகிறார்கள். அந்த வண்டியின் பிரேக்கை எப்படிச் சரிசெய்தோம், எந்தப் பாகத்தைப் பழசில் வாங்கினோம், எதை வாங்க மறுத்தோம் என்பதை முழுசாக எழுதி வைக்கிறேன். பழைய 800 இன்னும் நம் பக்கம் நிறைய வீடுகளில் ஓடுகிறது. அதை வைத்து மலை ஏறுகிறவர்களுக்கு இந்த விவரம் தேவை.

வாத்தியார் சொன்ன புகார் இது: "வண்டி நிக்கோணும்னா ரொம்ப அழுத்தி மிதிக்க வேண்டியிருக்குது கண்ணு. முழங்கால் தாங்கறதில்ல. அதுவும் இறக்கத்துல பாதி வர்றதுக்குள்ள மிதி உள்ள உள்ள போகுது, கருகுன வாசம் வேற."

இதில் இரண்டு நோய்கள் இருக்கின்றன. மிதிப்பதற்குப் பலம் போதவில்லை என்பது ஒன்று. பிரேக் சூடாகி வலு இழக்கிறது என்பது இன்னொன்று. பூஸ்டர் போட்டால் முதலாவது தீரும், இரண்டாவது தீராது. பட்டறைகளில் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, "பூஸ்டர் போட்டுட்டா எல்லாம் சரியாயிருமுங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த நம்பிக்கையோடு ஒருவர் வால்பாறை வழியில் மேலே இருக்கும் அட்டகட்டியிலிருந்து இறங்கினால் என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்குக் கலக்கமாக இருக்கிறது. அதனால்தான் வேலையை இரண்டாகப் பிரித்தோம்.

முதலில் இருப்பதைச் சரிசெய்வது

வேலை செய்தது பொள்ளாச்சியில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன் ஒருவர். கை சுத்தமானவர், அவசரப்படாதவர். நான் கோவையில் வார்ப்படத் தொழிலில் இருக்கிற ஆள். அளப்பதும் கணக்குப் போடுவதும் என் பங்கு.

எந்தப் புதிய பாகத்தையும் யோசிப்பதற்கு முன், நான்கு சக்கரத்தையும் கழற்றிப் பார்க்கச் சொன்னார் அண்ணன். இடது முன் கேலிப்பரில், அதாவது பேட்களால் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகத்தில், ஒரு வழுக்குப் பின் துருப்பிடித்து இறுகியிருந்தது. கேலிப்பர் நகர முடியாததால் உள்பக்கப் பேட் மட்டும் தேய்ந்து இரும்புக்குப் பக்கத்தில் வந்திருந்தது, வெளிப்பக்கப் பேட் கிட்டத்தட்ட முழுசாக இருந்தது. வலது பின் டிரம்முக்குள் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் கசிந்து, டிரம்மில் உரசும் ஷூவின் லைனிங் பிரேக் ஆயிலில் ஊறிப்போயிருந்தது. ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் பின் அட்ஜஸ்டர் இரண்டும் அசையவில்லை. முன் ரப்பர் ஹோஸ்களை வளைத்துப் பார்த்தால் மேல்தோல் வெடித்திருந்தது. ஆயில் டீ நிறத்தைத் தாண்டிக் கறுத்திருந்தது.

பின் பிரேக் அட்ஜஸ்ட் ஆகாமல் இருந்தால், டிரம்மைத் தொடுவதற்கே ஷூ நிறைய நகர வேண்டும். மிதி ஆழமாகப் போவதற்கு அது ஒரு பெரிய காரணம். அதற்கு மேல், பின் சக்கரம் செய்ய வேண்டிய வேலையும் முன் டிஸ்க்கின் தலையில் விழுகிறது. ஆக, "வலு இல்லாத பிரேக்" என்று இத்தனை நாள் பெயர் வாங்கியது உண்மையில் பராமரிக்காத பிரேக். ஒரு பழைய வண்டியின் பிரேக்கை மேம்படுத்த நினைப்பவர் யாராக இருந்தாலும், கம்பெனியிலிருந்து வந்த நாளில் அது எப்படி நின்றதோ அந்த நிலைக்கு முதலில் கொண்டுவர வேண்டும். அப்புறம்தான் போதுமா போதாதா என்று சொல்ல முடியும்.

டயரையும் பார்த்தோம். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் பதிந்திருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பின் டயர்கள் பட்டன் நன்றாக இருந்தும் வயதாகி இறுகியிருந்தன. கடைசியில் வண்டியை நிறுத்துவது டயருக்கும் ரோட்டுக்கும் இடையே உள்ள பிடிப்புதான். சக்கரம் லாக் ஆகும் அளவுக்கு ஏற்கெனவே மிதிக்க முடிகிற வண்டியில், எவ்வளவு பெரிய பிரேக் போட்டாலும் சமதளத்தில் ஒரே ஒருமுறை நிற்கும் தூரம் குறையாது.

சூட்டுக் கணக்கு

வண்டியின் வெறும் எடை 650 கிலோ சுமார். ஆட்களும் சாமானும் சேர்த்து 900 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அது 100 மீட்டர் உயரம் இறங்கினால் விடுபடும் ஆற்றல் ஏறத்தாழ 880 கிலோஜூல். எஞ்சின் பிடிப்பு இல்லாமல், நியூட்ரலில் விட்டுப் பிரேக்கிலேயே இறங்கினால் இந்த ஆற்றல் அத்தனையும் பிரேக்கில் சூடாகத்தான் மாற வேண்டும். அதில் 70 சதவீதம் முன் சக்கரங்களுக்குப் போகிறது என்றும், ஒரு டிஸ்க் 3 கிலோ என்றும் எடுத்துக்கொண்டால், காற்று ஆற்றாத பட்சத்தில் 100 மீட்டர் இறக்கத்துக்கே முன் டிஸ்க்குகள் 200 டிகிரிக்கு மேல் சூடேறும். காற்று ஆற்றும் என்பது உண்மை. ஆனால் கொண்டை ஊசி வளைவில் வண்டி மெதுவாகப் போகும்போது காற்றும் குறைவு. வால்பாறையிலிருந்து ஆழியாறு வரை இப்படிப் பல நூறு மீட்டர் இறக்கம் இருக்கிறது.

டிஸ்க்கின் சூடு பேட் வழியாகப் பிஸ்டனுக்கும், பிஸ்டனிலிருந்து ஆயிலுக்கும் போகும். டாட் 3 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிக்கக் குறைந்தது 205 டிகிரி வேண்டும். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ஈரம் சேர்ந்துவிட்டால் அந்தத் தர வரம்பே 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4 என்றால் புதிதில் 230, ஈரத்தோடு 155. ஆயில் கொதித்து ஆவிக் குமிழி உண்டானால், மிதிப்பது குமிழியை அமுக்குவதிலேயே போய்விடும். வாத்தியார் சொன்ன "உள்ள உள்ள போகுது" இதுதான். கருகிய வாசம் பேட்டிலிருந்து வந்தது. அளவுக்கு மீறிச் சூடான பேட்டில் பிசின் எரிந்து உராய்வு குறையும். அப்போது மிதி உறுதியாகவே இருக்கும், வண்டிதான் நிற்காது. இந்த இரண்டு அறிகுறிகளையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஓட்டுநர், எது கெட்டது என்று பட்டறைக்கு வருவதற்கு முன்பே சொல்லிவிடலாம்.

இந்த நோய்க்கு மருந்து புது டாட் 4 ஆயில், நல்ல பேட், ஒழுங்காக வேலை செய்யும் பின் டிரம், இரண்டாம் கியர். பூஸ்டருக்கு இதில் ஒரு பங்கும் கிடையாது.

பூஸ்டர் என்ன தரும்

பூஸ்டர் என்பது நடுவில் ரப்பர்த் திரை வைத்த ஒரு தகர டப்பா. எஞ்சின் காற்றை இழுக்கும்போது, அந்தக் காற்று போகும் குழாயான மேனிஃபோல்டில் உண்டாகும் வெற்றிடம் திரையின் ஒரு பக்கத்தில் இருக்கும். மிதித்ததும் மறுபக்கத்தில் வெளிக்காற்று நுழைந்து திரையைத் தள்ளும். நல்ல பெட்ரோல் எஞ்சின் ஐடிலில் 450 முதல் 500 மி.மீ. பாதரச அளவுக்கு வெற்றிடம் தரும். 7 அங்குலத் திரை என்றால் கணக்குப்படி 160 கிலோ எடை அளவுக்குத் தள்ளும். முழங்கால் வலிக்கும் ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்ல வேண்டியதில்லை. அவசரத்தில் முழு பலத்தோடு மிதிக்க முடியாதவர்களுக்கு நிற்கும் தூரம் நிஜமாகவே குறையும். டீச்சரம்மாவும் இந்த வண்டியை ஓட்டுகிறார். அவருக்காகவே இதைச் செய்யலாம் என்று எனக்குத் தோன்றியது.

பேச்சு நடந்தபோது இன்னொரு யோசனையும் வந்தது. மாருதி ஜென் வண்டியின் பெரிய முன் டிஸ்க்கும் கேலிப்பரும் எடுத்துப் போட்டால் என்ன? பெரிய டிஸ்க்குக்கு நிறையச் சூட்டை வாங்கும் திறன் உண்டு, அதில் சந்தேகமில்லை. ஆனால் பெரிய கேலிப்பருக்கு 12 அங்குல ரிம்முக்குள் இடம் வேண்டும், இல்லையென்றால் 13 அங்குலச் சக்கரத்துக்கு மாற வேண்டும். முன் பிரேக்கின் பங்கு கூடி, பின்னோடு உள்ள விகிதம் மாறும். நக்கிள், பால் ஜாயின்ட், ஆக்சில் என்று ஒன்றைத் தொட்டால் இன்னொன்று வரும். ரேலிக்குப் போகிற வண்டியாக இருந்தால் யோசிக்கலாம். குடும்பம் போகிற வண்டியில், ஒரு கம்பெனியின் பொறியாளர்கள் சேர்த்துப் பார்த்துச் சோதித்த தொகுப்பைத்தான் நான் நம்புவேன். பூஸ்டரோடு வந்த பிற்கால 800-இலிருந்து தொகுப்பை அப்படியே எடுப்பது என்று முடிவானது. அதாவது மிதிச் சட்டம், மிதி, பூஸ்டர், மிதிப்பை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டர், ஆயில் நிற்கும் ரிசர்வாயர், வெற்றிட ஹோஸ், அதிலிருக்கும் ஒருவழி வால்வு எல்லாம் ஒரே வண்டியிலிருந்து.

ஏன் ஒரே வண்டி என்றால், இவை ஒன்றை நம்பி ஒன்று கணக்கிடப்பட்டவை. பூஸ்டர் இல்லாத வண்டியில் மிதியின் நெம்பு விகிதத்தைக் கூட்டி வைப்பது வழக்கம். அந்த மிதியோடு பூஸ்டரைச் சேர்த்தால் தொட்டதும் பிடிக்கும். மாஸ்டர் சிலிண்டரின் துளையும் அப்படித்தான். உதாரணத்துக்கு, 3/4 அங்குலத் துளைக்குப் பதில் 13/16 அங்குலம் வைத்தால் பரப்பு 17 சதவீதம் கூடும். மிதி குறைவாக நகரும், அதே அழுத்தத்துக்கு 17 சதவீதம் அதிகமாக மிதிக்க வேண்டும். பார்த்தால் 1.6 மி.மீ. வித்தியாசம்தான். துளை அளவு சிலிண்டரின் உடம்பிலேயே வார்ப்பில் இருக்கும். கண்ணால் பார்க்காமல் வாங்கக் கூடாது.

உக்கடத்தில் தேடியது

கோவை உக்கடம் பக்கம் பழைய வண்டி உடைக்கிற கடைகளில் 800 பாகத்துக்குப் பஞ்சமில்லை. அண்ணனுக்குப் பழக்கமான கடையில், முன்பக்கம் அடிபடாமல் பின்னால் மோதி உடைப்புக்கு வந்த வண்டி ஒன்று கிடைத்தது. கடைக்காரர் முதலில் பூஸ்டரை மட்டும் கையில் கொடுத்தார். அண்ணன் வாங்கவில்லை. "ஏனுங்க, வண்டியில இருக்கறதையே காமிங்க, நானே கழட்டிக்கறேன்" என்றார். பாகம் கழன்று கிடந்தால் அது எந்த வண்டியிலிருந்து வந்தது, எப்படி இருந்தது என்று தெரியாது. வண்டியில் இருக்கும்போது பைப்பு எப்படி வளைந்திருக்கிறது, ஹோஸ் எங்கே மாட்டியிருக்கிறது, எத்தனை வாஷர் என்பது எல்லாம் தெரியும். கழற்றுவதற்கு முன் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக்கொண்டோம்.

பூஸ்டரைப் பரிசோதிப்பது எளிது. மிதியோடு சேரும் கம்பியை உள்ளே அமுக்கிப் பிடித்து, வெற்றிட ஹோஸ் மாட்டும் வாயை விரலால் அடைத்து, பிறகு கம்பியை விட வேண்டும். திரை நல்லதாக இருந்தால் கம்பி முழுசாக வெளியே வராது, விரலையும் இழுத்துப் பிடிக்கும். விரலை எடுத்ததும் உஸ்ஸென்று காற்று போகும். அதைவிட முக்கியமானது, மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றிவிட்டு பூஸ்டரின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்ப்பது. உள்ளே ஈரமோ, பெயின்ட் உரிந்த தடமோ இருந்தால் சிலிண்டரின் பின் சீல் கசிந்து பிரேக் ஆயில் உள்ளே போயிருக்கிறது என்று பொருள். ஆயிலில் ஊறிய ரப்பர்த் திரை எப்போது கிழியும் என்று யாரும் சொல்ல முடியாது. அதை வாங்கக் கூடாது. அங்கே நாங்கள் பார்த்த இன்னொரு பூஸ்டர் இந்த ஒரு காரணத்துக்காகவே தள்ளிப்போனது, வெளியே அது பளபளவென்று இருந்தது. வெள்ளத்தில் நின்ற வண்டி என்று சந்தேகம் வந்தாலும் தொடக் கூடாது. உள்ளே போன சேறும் துருவும் வெளியே காட்டிக்கொடுக்காது.

எங்கள் விதி இதுதான்: இரும்பைப் பழசில் வாங்கலாம், ரப்பரையும் தேயும் பொருளையும் பழசில் வாங்கக் கூடாது. மிதிச் சட்டம், பூஸ்டரின் உடம்பு, கேலிப்பர் தாங்கி, நக்கிள் எல்லாம் அளந்து பார்த்துத் திரும்பப் பயன்படுத்தக் கூடியவை. பேட், ஷூ, ஹோஸ், சீல், வீல் சிலிண்டர் எல்லாம் புதிதுதான். பூஸ்டரின் திரை ரப்பர் ஆயிற்றே என்று கேட்கலாம். விதிக்கு விலக்கு அது ஒன்றுதான், அதனால்தான் அத்தனை பரிசோதனையும். மாஸ்டர் சிலிண்டர் விஷயத்தில் எனக்கும் அண்ணனுக்கும் கருத்து வேறுபாடு. பழைய சிலிண்டருக்கு சீல் கிட் போட்டால் போதும் என்றார் அவர். பிரித்துப் பார்த்தபோது, பிஸ்டன் வழக்கமாக எட்டாத அடிப்பகுதியில் துளைச் சுவரில் சிறுசிறு குழிகள் இருந்தன. புது சீல் போட்டு, ஒருநாள் ஆழமாக மிதிக்க நேர்ந்தால், சீல் அந்தக் குழிகள் மேல் ஓடிக் கிழியும். அவரே விரல் விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, "புதுசே வாங்கிக்கலாமுங்க" என்றார். அதே துளை அளவில் புதிய சிலிண்டர் வாங்கினோம். கேலிப்பர் பிஸ்டனையும் அப்படித்தான் பார்த்தோம். சீல் உட்காரும் இடத்தில் குரோம் பூச்சு உரிந்து நகத்தில் தட்டுப்பட்டால் அந்தப் பிஸ்டன் வேண்டாம்.

பில் கேட்டு வாங்கினோம், உடைப்பு வண்டியின் சேசிஸ் எண்ணையும் அதில் எழுதச் சொன்னோம். திருட்டு வண்டிப் பாகம் சந்தையில் கலப்பதைத் தடுக்க வாங்குகிறவரால் செய்ய முடிவது இது.

பட்டறையில்

டிஸ்க்கைக் கோவை கணபதி பகுதியில் ஒரு லேத்தில் கொடுத்து லேசாக முகம் எடுத்தோம். குறைந்தபட்ச கனம் டிஸ்க்கிலேயே பதிந்திருக்கும். கடைந்த பிறகும் அதற்கு மேல் நல்ல மிச்சம் இருந்தால்தான் கடையலாம், இல்லையென்றால் புதிது. ஹப்பின் முகத்தில் ஒட்டியிருந்த துருவைத் தேய்த்து எடுத்த பிறகு மாட்டி, டயல் கேஜ் வைத்து ஆட்டம் பார்த்தோம். பொதுவாக 0.1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். ஹப்பில் ஒரு துணுக்குத் துரு இருந்தாலும் டிஸ்க்கின் விளிம்பில் அது பெரிதாகித் தெரியும். மிதி அதிர்கிறது என்று டிஸ்க்கை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் பலருக்கும் ஹப்பைச் சுத்தம் செய்தாலே போதும்.

பூஸ்டரின் நான்கு போல்ட்டும் வாத்தியார் வண்டியின் ஃபயர்வால், அதாவது எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தகரச் சுவர், அதன் துளைகளோடு சேரவில்லை. தகரத்தில் புதுத் துளை போடுவதோடு விட்டுவிட்டால், மிதிக்கும்போது ஃபயர்வால் வளைந்து கொடுக்கும். அந்த வளைவு மிதியின் பாதி உறுதியைத் தின்றுவிடும். உடைப்பு வண்டியின் ஃபயர்வாலிலிருந்து அட்டையில் அச்சு எடுத்து, அதே வடிவில் 3 மி.மீ. இரும்புத் தகடு வெட்டி உள்பக்கம் தாங்கல் கொடுத்தோம். துளை ஓரங்களில் துருத் தடுப்பு பெயின்ட், தண்ணீர் இறங்காமல் சீலன்ட். மாட்டிய பிறகு ஒருவர் முழு பலத்தோடு மிதிக்க, இன்னொருவர் பானெட்டுக்குள் பார்த்தோம். மாஸ்டர் சிலிண்டர் முன்னால் அசையவில்லை.

இந்த வேலையில் நான் அதிக நேரம் நின்றது ஒரு சின்னக் கம்பியிடம். பூஸ்டரின் முன் முனையிலிருந்து வரும் தள்ளுகம்பி, மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனின் குழியில் உட்கார்கிறது. மிதியை விட்டதும் பிஸ்டன் முழுசாகப் பின்னுக்கு வந்தால்தான் ரிசர்வாயருக்குப் போகும் சிறுதுளை திறக்கும். ஆயில் சூடாகி விரியும்போது அந்தத் துளை வழியாகத்தான் மேலே போக வேண்டும். கம்பி தேவைக்கு மேல் கொஞ்சம் நீளமாக இருந்தாலும் துளை மூடியே இருக்கும். விரிந்த ஆயிலுக்குப் போக்கிடம் இல்லை, எனவே பேட் டிஸ்க்கை விடாது. விடாததால் சூடு, சூடானதால் இன்னும் விரிவு, இன்னும் இறுக்கம். பட்டறை வாசலில் எல்லாம் சரியாகத் தெரியும். சில கிலோமீட்டர் போன பிறகு வண்டி தானே நிற்கும், சக்கரத்திலிருந்து புகை வரும். கம்பி குட்டையாக இருந்தால் ஆபத்து குறைவு, மிதி வீணாகக் கொஞ்சம் போகும். புது மாஸ்டர் சிலிண்டரைப் பழைய பூஸ்டரோடு சேர்க்கும்போது இந்த அளவு மாற வாய்ப்பு உண்டு. சிலிண்டரின் குழி ஆழத்தையும் பூஸ்டர் முகத்திலிருந்து கம்பி நீட்டியிருப்பதையும் டெப்த் கேஜால் அளந்து, கேஸ்கெட்டின் கனத்தையும் சேர்த்து, தொட்டும் தொடாமலும் சிறு இடைவெளி வரும்படி திருகி வைத்தோம்.

ஓடும்போது சக்கரம் இறுகினால் காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு வரிசை இருக்கிறது. மாஸ்டர் சிலிண்டரை பூஸ்டரோடு பிடித்திருக்கும் நட்டுகளைச் சற்றுத் தளர்த்துங்கள். சக்கரம் விட்டால் கம்பி நீளம். விடவில்லையென்றால் சிலிண்டரிலிருந்து புறப்படும் பைப்பு நட்டைத் தளர்த்துங்கள். அதில் விட்டால் குற்றம் சிலிண்டருக்குள். அப்போதும் விடாமல், கேலிப்பரில் காற்றை வெளியேற்றும் திருகான ப்ளீடரைத் திறந்ததும் விட்டால் நடுவிலுள்ள ஹோஸ் உள்ளுக்குள் வீங்கி அடைத்திருக்கிறது. அதற்கும் அசையவில்லையென்றால் பிஸ்டனோ வழுக்குப் பின்னோ இறுகியிருக்கிறது.

பூஸ்டருக்கான வெற்றிடத்தை மேனிஃபோல்டில் எஞ்சினின் மூன்று சிலிண்டருக்கும் பொதுவான அறையிலிருந்து எடுக்க வேண்டும். ஒரே ஒரு சிலிண்டருக்குப் போகும் கிளையிலிருந்து எடுத்தால் விட்டுவிட்டுத்தான் இழுக்கும், அந்த சிலிண்டரின் கலவையும் கெடும். ஹோஸ் வெற்றிடத்துக்கென்றே வரும் கனமான வகை. பெட்ரோல் ஹோஸ் போட்டால் உறிஞ்சலில் சப்பையாகிவிடும். மாஸ்டர் சிலிண்டர் இடம் மாறியதால் இரண்டு இரும்புப் பைப்புகளைப் புதிதாக வளைத்து, முனையை இரட்டை மடிப்பாக விரித்தோம். இந்த வண்டியில் எம்10, 1.0 புரி நட்டு. ஒற்றை மடிப்பு விரிப்பு வெடிக்கும். செம்புக் குழாயை வைத்து ஒப்பேற்றுகிற வேலையை அண்ணன் பட்டறையில் அனுமதிப்பதே இல்லை. பிறகு டாட் 4 நிரப்பி, பைப்புகளில் இருந்த காற்றை வெளியேற்றினோம். மூடிய டப்பாவை அன்றைக்குத்தான் திறந்தோம். மிச்சத்தை வைத்துக்கொள்ளவில்லை.

சோதனை

எஞ்சினை அணைத்துவிட்டு மிதியைப் பலமுறை மிதித்து, பூஸ்டரில் இருந்த வெற்றிடத்தைத் தீர்த்தோம். பிறகு மிதியை அழுத்திப் பிடித்தபடி எஞ்சினைக் கிளப்பினால் மிதி தானாகக் கொஞ்சம் இறங்க வேண்டும். இறங்கியது. எஞ்சினை அணைத்த பிறகும் ஓரிரு முறை உதவி மிச்சமிருக்க வேண்டும். இருந்தது, ஆக ஒருவழி வால்வும் சரி.

ஆளில்லாத நேரத்தில் ஒரு நேர்ரோட்டில் மெதுவான வேகத்திலிருந்து தொடங்கி வேகத்தைக் கூட்டிக்கொண்டே போய் நிறுத்திப் பார்த்தோம். முதலில் ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்து, வண்டி எந்தப் பக்கமாவது இழுக்கிறதா என்று கவனித்தோம். அப்புறம் பலமாக. முன் சக்கரங்கள் பின் சக்கரங்களுக்கு முன்பே லாக் ஆகின்றனவா என்பதைத்தான் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பின் சக்கரம் முதலில் லாக் ஆனால் வண்டி சுழன்றுவிடும். அப்படி ஆகவில்லை. பின் டிரம், அதற்கான அழுத்தக் கட்டுப்பாடு இரண்டும் பழையபடியே இருந்ததன் பலன் இது.

மலைச் சோதனைக்கு வாத்தியாரையே ஓட்டச் சொன்னோம். ஏறும்போது ஒன்றுமில்லை. இறங்கும்போது இரண்டாம் கியர், செங்குத்தான வளைவில் முதல் கியர். பிரேக்கைத் தொட்டுக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் உறுதியாக மிதித்து வேகத்தைக் குறைத்து, முழுசாக விட்டுவிட வேண்டும் என்று சொல்லியிருந்தேன். ஏறி வருகிற வண்டிக்கு வழிவிட்டு வந்தோம். ஒன்பதாம் வளைவில், கீழே ஆழியாறு அணை தெரியும் காட்சி முனையில் நிறுத்தி, அகச்சிவப்பு வெப்பமானியை டிஸ்க்கில் காட்டினேன். முன் இரண்டுக்கும் வித்தியாசம் சொற்பம். இடது வலது சமமாகச் சூடாகியிருப்பதுதான் நான் பார்க்க விரும்பிய செய்தி. இறுகிய கேலிப்பரோ நீளமான தள்ளுகம்பியோ இருந்திருந்தால் இங்கே காட்டிக்கொடுத்திருக்கும். பின் டிரம்மும் சூடாக இருந்தது, அதாவது அதுவும் வேலை செய்கிறது. மிதியின் உயரம் மேலே இருந்த அதே இடத்தில். வாசம் இல்லை.

"காலே வலிக்கல கண்ணு" என்றார் வாத்தியார். எனக்கு அதைவிட நிம்மதியான சான்று வேண்டியிருக்கவில்லை.

பூஸ்டர் போட்ட வண்டிக்குப் புதிதாக வரும் ஒரு ஆபத்தை இருவருக்கும் அழுத்திச் சொன்னேன். பெட்ரோல் மிச்சம் என்று எஞ்சினை அணைத்து மலையில் உருட்டி வருகிற பழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. எஞ்சின் நின்றால் இரண்டு மூன்று மிதிப்பில் உதவி தீர்ந்துவிடும். இப்போதுள்ள மிதி பூஸ்டரை நம்பிக் கணக்கிட்டது என்பதால், உதவி போனால் பழைய வண்டியைவிடக் கூடுதலாக மிதிக்க வேண்டியிருக்கும். பிரேக் இருக்கும்தான், ஆனால் அந்தப் பலத்துக்கு முழங்கால் இடம் கொடுக்காது. கியரில், எஞ்சின் ஓட, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கினால் வெற்றிடமும் நிறையக் கிடைக்கும், எஞ்சின் பிடிப்பும் கிடைக்கும்.

சட்டம் பக்கம்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்துள்ள விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கறாராகவே உறுதி செய்தது. அதனால் வேலைக்கு முன்பே, அதே தயாரிப்பாளரின் அதே மாடலுக்குரிய பிற்காலப் பாகங்கள் என்று விவரித்து, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் இன்சூரன்ஸுக்கும் வாத்தியார் கடிதம் கொடுத்துவிட்டார். பில், பாகத்தின் எண், படங்கள் எல்லாம் ஒரே கோப்பில். 15 ஆண்டு கடந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கத் தகுதிச் சோதனை உண்டு. அன்றைக்கு இந்தக் கோப்பு கையில் இருக்க வேண்டும்.

பின்னர் பார்த்தது

மழைக்காலம் முடிந்து வண்டி மறுபடி பட்டறைக்கு வந்தது. முன் பேட்கள் நான்கும் ஏறக்குறைய ஒரே கனத்தில் தேய்ந்திருந்தன. வழுக்குப் பின்களுக்கு சிலிக்கான் கிரீஸ் போட்டது வீண் போகவில்லை. சாதாரண கிரீஸ் போட்டிருந்தால் ரப்பர் உறை இதற்குள் வீங்கியிருக்கும். ஃபயர்வால் தகட்டைச் சுற்றித் துரு இல்லை, போல்ட்டுகள் தளரவில்லை. மாஸ்டர் சிலிண்டரை இழுத்து, பூஸ்டரின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தோம், காய்ந்திருந்தது. பழைய பாகத்தில் எங்களுக்கு இருந்த ஒரே கவலை அந்தத் திரைதான். அதனால் ஒவ்வொரு ஆண்டும் இதைப் பார்க்கச் சொல்லி, ஆயில் மாற்ற வேண்டிய மாதத்தையும் சேர்த்து ரிசர்வாயர் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கரில் அண்ணன் எழுதி ஒட்டியிருக்கிறார். இறுகிப்போன பின் டயர் இரண்டும் மட்டும் இன்னும் பாக்கி. அதை மாற்றாமல் அடுத்த முறை வால்பாறை போக வேண்டாம் என்று டீச்சரம்மாவிடமே சொல்லிவிட்டேன்.